சட்ட மந்திரி போனில் பேசியது

அக்கா, கொஞ்சம் நகருங்க. உங்க நம்பர் எத்தனை? ஐம்பத்து மூன்றா? எங்களுடையது நாற்பத்தொன்று. இப்போதுதான் ஒன்பது ஓடுகிறது. எப்படியும் நேரமாகும். அதுவரை இந்தக் கோர்ட்டுச் சுவரில் இருக்கிற வெற்றிலைக் கறையை எண்ணலாம் என்று பார்த்தால், அதை நான் காலையிலேயே எண்ணி முடித்துவிட்டேன். அதனால் உங்களைச் சிரிக்க வைக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீங்க. சட்ட மந்திரி எங்கள் அம்மாவுக்குப் போன் செய்து பேசினாரே, அதை அப்படியே செய்து காட்டுகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சத்தியமாக மந்திரிதான். கோட்டையிலிருந்து, கருவாட்டுக்காரி பவுனம்மாளுக்கு. முழுசாக நான்கு நிமிஷம்.

செய்வேன், செய்வேன். எடுத்த எடுப்பில் செய்தால் பாதிச் சிரிப்புதான் வரும். எம்.எல்.ஏ. எப்படிப்பட்ட ஆள், சிமென்ட் கோடவுனில் நான் எப்படி மூன்று மந்திரிகளாக இருந்தேன், இதெல்லாம் தெரிந்தால்தான் முழுச் சிரிப்பு. பொறுங்க.

முதல் விஷயம், எனக்குக் குரல்கள் வரும். பெயர் மகிழரசி, பன்னிரண்டாம் வகுப்பு. கட்டைக்குரல் என்று பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குச் சேர்க்க மாட்டார்கள். அதனால் என்ன, ஹெச்.எம். குரலில் மைக்கில் லீவு விட்டேன், மூன்று வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போய்விட்டது. இந்த டவாலியைக்கூட ஒரு மணி நேரமாகக் கேட்கிறேன். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். முதல் தடவை தூக்கத்தில், இரண்டாம் தடவை கோபத்தில், மூன்றாம் தடவை மூக்கில். "ஏகாம்பரம்... ஏகாம்பரம்! ஏகாம்பரம்ங்ங்..."

ஐயோ, அந்தத் தாத்தா எழுந்துவிட்டார் அக்கா! துண்டை உதறிக்கொண்டு உள்ளே ஓடுகிறார் பாருங்க. தாத்தா, உங்களை இல்ல தாத்தா, உக்காருங்க! காதில் விழவில்லை. போகட்டும், ஜட்ஜுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரட்டும்.

நீங்க சிரிக்கவே இல்லையே. பரவாயில்லை, கடைசியில் சிரிப்பீங்க.

அங்கே பாருங்க, கீழே, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம். நீலச் சட்டை. அவர்தான் அப்பா, தாண்டவராயன். பக்கத்தில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அம்மா. கோர்ட்டில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள். மார்க்கெட்டிலேயே பெரிய குரல் அப்பாவுக்குத்தான். "நெத்திலி, வாளை, சுறா!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது பேச்சு இல்லை. வலது கையும் விளங்கவில்லை. "ம்" என்று மட்டும் வரும். எல்லாருடைய குரலையும் செய்கிற நான் அப்பா குரலை மட்டும் செய்வதில்லை. ஒரு நாள் கடையில் செய்தேன், அம்மா தராசைக் கீழே போட்டுவிட்டாள்.

எப்படி என்றா? மார்க்கெட்டில் டோக்கன் ரங்கா என்று ஒருத்தன். எந்தக் கடைக்குச் சரக்கு வந்தாலும் அவன் ஆட்கள் வந்து டோக்கன் கிழிப்பார்கள். இறக்குக் கூலி. ஆனால் மூட்டையை இறக்க மாட்டார்கள். இறக்குவது நாம், கூலி அவர்களுக்கு. அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கை வெக்காத மூட்டைக்கு என்னய்யா கூலி?" அதற்குப் பதிலாகக் கட்டையை எடுத்தார்கள்.

நான் பார்த்தேனா? பார்த்தேன். அதை விடுங்க, அதில் சிரிப்பு இல்லை.

போலீஸ் எழுதியதில்தான் சிரிப்பு. "லாரியிலிருந்து தவறி விழுந்து காயம்." அன்றைக்கு லாரியே வரவில்லை. சரக்கு வந்தது குட்டியானை வண்டியில். குட்டியானையிலிருந்து விழுந்தால் முட்டி சிராய்க்கும், மண்டை பிளக்குமா? ரெஜினா மேடம் என்று ஒரு வக்கீல், அவர்தான் ஹைகோர்ட்டில் மனு போட்டார். இந்த ஸ்டேஷன் வேண்டாம், சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கட்டும் என்று. மனு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு வாய்தாவில் உத்தரவு வந்துவிடும் என்றுகூடச் சொன்னார்.

அப்புறம்தான் நான் எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டேன்.

எங்கள் எம்.எல்.ஏ. குணாளன். எதிர்க்கட்சி. அதற்கு முன்னால் சிமென்ட் கடை. ஜெயித்து இரண்டு வருஷத்தில் சட்டசபையில் அவர் வாயைத் திறந்தது இரண்டு தடவை, பதவிப் பிரமாணம் எடுக்க ஒன்று, கொட்டாவி விட ஒன்று. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் பொய்ப்பல். கிளிப் தளர்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வாக்கியம் தொடங்கும் முன்பும் நாக்கை மேலே தூக்கிப் பல்லை ஒரு அழுத்து அழுத்திக்கொள்வார். ளக். அப்புறம்தான் பேச்சு. "ளக். வாக்காளப் பெருமக்களே." எங்கள் ஊரில் அவரைச் செய்து காட்டுவதற்குக் குரலே தேவையில்லை. இந்த ளக் போதும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அந்த மனுஷனுக்கு நான் சபாநாயகர் குரலில் போன் போட்டேன். டி.வி.யில் பார்த்துப் பழகிய குரல்.

"மாண்புமிகு உறுப்பினர் குணாளன் அவர்கள் உட்காரலாம்."

"ளக். உக்காந்துதாங்கய்யா இருக்கேன்."

"அப்படியானால் எழுந்திருக்கலாம்."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது அக்கா! நிஜமாகவே எழுந்துவிட்டார்! "இரண்டு ஆண்டுகளாக உங்கள் தொகுதிக்கு ஒரு குறையும் இல்லையா? மார்க்கெட்டில் ஒரு வியாபாரியின் மண்டை உடைந்திருக்கிறதே, கேள்வி கேட்க மாட்டீர்களா?" என்றேன். "ளக். மன்னிச்சுக்குங்கய்யா, இந்தக் கூட்டத்தொடர்ல கண்டிப்பாங்கய்யா" என்கிறார். அந்த ஐயாவில் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளைக் கார் மார்க்கெட்டுக்குள் வந்தது. அம்மா தராசை விட்டு எழுந்து ஓடினாள். "சின்னப் பொண்ணுங்கய்யா, மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவரோ கருவாட்டு வாசனைக்கு மூக்கைக்கூடப் பொத்தாமல் மூட்டை மேல் உட்கார்ந்தார். "ளக். எதுக்கும்மா மன்னிப்பு? உன் பொண்ணை எனக்கு ஒரு மாசம் மந்திரியாக் குடு" என்றார்.

சபையில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். எதிரில் மந்திரி மாதிரி ஒருத்தர் நின்று மடக்கி மடக்கிப் பழக்கினால் பயம் தெளியுமாம். "உங்கப்பா விஷயத்தைத்தான் முதல் கேள்வியாப் போடறேன் பாப்பா. போலீசு, வியாபாரம், சட்டம், மூணு மந்திரியையும் நிக்க வெச்சுக் கேக்கறேன்."

அப்படித்தான் நான் மந்திரியானேன். ஒன்று இல்லை, மூன்று.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய சிமென்ட் கோடவுன்தான் சட்டசபை. ஒரு பக்கம் ஐம்பது மூட்டை அடுக்கு, அது ஆளுங்கட்சி வரிசை. எதிரே உடைந்த மூட்டைகள், எதிர்க்கட்சி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சபாநாயகர். நான் ஓடி ஓடி மாறி உட்காருவேன். போலீசுக்குப் பதில் சொல்கிற மந்திரி மளிகைச் சீட்டு படிப்பது மாதிரி படிப்பார். வணிக மந்திரி தேனில் தொட்டுத் தொட்டுப் பேசுவார். சட்ட மந்திரியை மட்டும் நான் டி.வி.யில் சரியாகப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் சத்தம் இல்லாமல், டீக்கடையில். அதனால் அவரை நானே கட்டிவிட்டேன். அடித்தொண்டை, ஆற அமர. எல்லாரையும் தாயி, தம்பி என்பார். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு முத்திரை. "அதது அதது இடத்துல இருக்கணும்." முழுக்க என் சொந்தச் சரக்கு. குணாளன் சார் மூட்டையில் சாய்ந்து சாய்ந்து சிரிப்பார்.

கேள்வியை அவர் எழுந்து நின்று படிப்பார். "ளக். நகராட்சி அங்காடியில் இறக்குக் கூலி என்ற பெயரில் வணிகர்கள் மிரட்டப்படுவதை அரசு அறியுமா? ளக். அறியுமெனில், வணிகர்களைப் பாதுகாக்க ஆவன செய்யுமா? ளக். தாக்கப்பட்ட தாண்டவராயனுக்கு நீதி கிடைக்க எடுத்த நடவடிக்கை என்ன?"

நான் எழுந்து, மளிகைச் சீட்டுக் குரலில், "முதல் பகுதிக்குப் பதில், இல்லை. இரண்டாம் பகுதி எழவில்லை. மூன்றாம் பகுதி எழவில்லை" என்று உட்கார்ந்துவிடுவேன்.

அவ்வளவுதான் அக்கா. சபையில் அப்படித்தான் பதில் சொல்வார்களாம். அறியுமா என்றதற்கு இல்லை என்றால் மற்றதெல்லாம் தானாகவே எழாது. சார் திருதிருவென்று முழிப்பார். துணைக் கேள்வி கேட்பார். அதையும் மடக்குவேன். பொருள் நீதிமன்றத்தில் இருப்பதால் சபையில் பேசக்கூடாது என்று சபாநாயகர் நாற்காலிக்கு ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்வேன். அது ஒரு விதி. கோர்ட்டில் நடக்கிற கேஸைச் சபையில் எடுக்கக் கூடாது. அந்த விதியை அந்தக் கோடவுனில் இருபது தடவையாவது நான் சொல்லியிருப்பேன். ஒரு நாளும் அவர் என்னை ஜெயிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கும் பொழுதுபோகட்டும் என்று. எதிர்க்கட்சி மூட்டையில் உட்கார வைத்தேன். சார் மூன்றாம் கேள்வி கேட்டார். அன்றைக்கு எனக்கு நல்ல வேகம். எழுந்தேன். "தாண்டவராயன் என்பவர் லாரியிலிருந்து தவறி விழுந்ததாகத் தெரிய வருகிறது. தாக்குதல் எதுவும் அரசின் கவனத்திற்கு வரவில்லை. மாண்புமிகு உறுப்பினர் கட்டுக்கதைகளை நம்ப வேண்டாம்." அச்சாக மந்திரி. சார் கைதட்டினார். திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. இடது கையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருமுனை வரை போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். "நடிப்புப்பா, சும்மா" என்றேன். "ம்" என்றார். அவருக்கு நகைச்சுவை கொஞ்சம் கம்மி.

உங்களுக்கும்தான்.

சில நாள் மாற்றி விளையாடுவோம். நான் குணாளன், அவர் மந்திரி. நான் ளக் ளக் என்று கேள்வி கேட்பேன், அவருக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வராது. ஆனால் மிமிக்ரி மட்டும் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. சட்ட மந்திரியைச் செய்கிறேன் என்று மாடு கத்துகிற மாதிரி கத்துவார். "எப்படிப் பாப்பா இப்படிச் செய்யற, எனக்கும் சொல்லிக்குடேன்" என்று கெஞ்சுவார். பாவமாக இருக்கும். "குரலை விடுங்க சார், மூச்சைப் பிடிங்க. எங்க மூச்சை நிறுத்தறாரோ அங்கதான் ஆள் இருக்காரு" என்று சொல்லிக்கொடுத்தேன். "அதது அதது இடத்துல" என்பதை மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். மந்திரியை மடக்க வேண்டுமென்றால் மந்திரியாகவே யோசிக்க வேண்டுமாம். என்ன சிரத்தை பாருங்க.

கூட்டத்தொடர் நெருங்கியது. ஒரு நாள் கடைக்கு வந்தார், முகம் வாடியிருந்தது. "ளக். கேள்வியைச் சபாநாயகர் தள்ளிட்டாரு பாப்பா. ஹைகோர்ட்டுல மனு இருக்காமே" என்றார். எனக்குத் தெரிந்த விதிதானே! அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன். "ஆனா கவலைப்படாதீங்க, சட்ட மந்திரிகிட்டயே நேர்ல பேசிட்டேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவரே உங்களுக்குப் போன் பண்றேன்னிருக்காரு. தனி நம்பர்லேருந்து வரும், எடுங்க" என்றார்.

வந்தது அக்கா. நாலு அடித்து மூன்று நிமிஷம். அம்மா போனைத் தராசுத் தட்டில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

இல்லை, இப்போது செய்ய மாட்டேன். விஷயம் மட்டும் சொல்கிறேன். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டால் சபையில் தடை இருக்காது, கேள்வி வரும், அவரே எழுந்து சி.பி.சி.ஐ.டி. விசாரணை என்று அறிவிப்பார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன தெரியுமா? மந்திரி பேசியது அப்படியே என் மந்திரி! நான் கோடவுனில் கட்டிவிட்டேனே, அதே அடித்தொண்டை, அதே தாயி. நடுவில் "அதது அதது இடத்துல இருக்கணும் தாயி" என்றுகூடச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை! பார்க்காத ஆளை, கேட்காத குரலை, முத்திரை வார்த்தை உட்பட அப்படியே பிடித்திருக்கிறேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்?

என்னக்கா? ஒன்றுமில்லையா? ஏதோ சொல்ல வந்தீங்களே. சரி.

அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்குப் பல்வலி. மந்திரி பேசப் பேச இவர் "ம், ம்" என்று இடது கை விரலால் முன்பல்லைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். நல்ல நேரம் பார்த்தார் வலிப்பதற்கு. ஒரு கிராம்பை எடுத்து வாயில் வைத்தேன். துப்பினார். இன்னொன்று வைத்தேன், அதையும் துப்பினார். மறுபடி பல்லைத் தட்டுகிறார். அம்மா, "சும்மா இருய்யா, மந்திரி பேசறாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா மேடத்துக்குத்தான் பிடிக்கவில்லை. "மந்திரி சொன்னா எழுத்துல வாங்கிட்டு வா. போன்ல சொன்னதுக்கெல்லாம் ஹைகோர்ட் மனுவை வாபஸ் வாங்குவாங்களா?" என்று சத்தம் போட்டார். அம்மா பயந்துவிட்டாள். நான்தான் பேசினேன். "மேடம், உங்களுக்குக் கோர்ட்டு தெரியும், சபை தெரியாது. கோர்ட்டுல இருக்கற பொருளைச் சபையில எடுக்க முடியாது, அது விதி. நானே சபாநாயகரா இருந்து இருபது தடவை சொல்லியிருக்கேன்." மேடம் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார், பல்வலி எரிச்சல். "அப்பா, உங்களுக்கு ரூல் தெரியாது" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு மகிழு, போடவா?" என்றாள். போடு என்றேன். வாபஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டாள்.

சபைக்கும் போனோம் அக்கா, நானும் அம்மாவும். சார் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொடுத்தார். மேலே உட்கார்ந்தால் கீழே நம் கோடவுன் மாதிரியே இருக்கிறது, மூட்டைக்குப் பதிலாக ஆட்கள். சார் எழுந்தார். அம்மா என் கையை இறுக்கினாள். தலைவரைப் பற்றி நாலு வரி கவிதை படித்தார். "கேள்விக்கு வாங்க" என்றார் சபாநாயகர். இன்னும் நாலு வரி படித்தார். "கேள்விக்கு வாங்க!" அப்புறம், "ளக். நகராட்சி அங்காடியில் கழிப்பறைக்குச் சுற்றுச்சுவர் கட்டித்தர அரசு ஆவன செய்யுமா?"

"நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு மந்திரி. மேசையைத் தட்டினார்கள். சார் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "முதல்ல சின்னக் கேள்வி, பெருசு பின்னால வரும்." வரவில்லை. வெளியே வந்து சாரே சொன்னார், வரிசை மாறிவிட்டதாம், அடுத்த கூட்டத்தொடரில் கண்டிப்பாக. அரசியலில் இதெல்லாம் உண்டு அக்கா.

சட்ட மந்திரியையா? பார்த்தேனே. வேறு ஏதோ கேள்விக்கு எழுந்து பேசினார். அதுதான் ஒரு வேடிக்கை. கீச்சுக்குரல். கொசு காதோரம் வந்த மாதிரி. வேக வேகமாகப் படித்தார், தாயியும் இல்லை, தம்பியும் இல்லை, அதது அதது இடத்திலும் இல்லை. அம்மாகூட, "அன்னிக்குப் பேசினது வேற மாதிரி இருந்துச்சே" என்றாள். மைக்கில் குரல் மாறும் என்று சொன்னேன். குரலைப் பற்றி எனக்குத் தெரியாததா?

நீங்க ஏன் அக்கா பையை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கறீங்க?

இந்தக் கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸா? இதோ. பத்திரமாக வைத்திருக்கிறேன். படிங்க. "பொருண்மைப் பிழை எனக் கருதி" என்று போட்டிருக்கிறது பாருங்க. போலீஸ் எழுதியது பிழை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதற்கடுத்த வரியா? "மேல்நடவடிக்கை கைவிடப்பட்டு, ஆட்சேபணை இருப்பின் நேரில்..." ஆமாம், அது எனக்கும் தெரியும். பழைய விசாரணையை மூடினால்தான் புதியது தொடங்கும். சார் நேற்றுக்கூடப் போன் செய்து சொன்னார். "ஜட்ஜு கேட்டா, ஆட்சேபணை இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லச் சொல்லு பாப்பா, உடனே புது விசாரணை." அதைத்தான் அம்மா கீழே மனப்பாடம் செய்கிறாள். எங்கே பயத்தில் ஆட்சேபணை இருக்கு என்று உளறிவிடுவாளோ என்று.

புது விசாரணைக்கு உத்தரவு நகலா? வரும் அக்கா. மந்திரியே வாயால் சொல்லியிருக்கிறார்.

டோக்கன் ரங்கா இப்போது என்ன செய்கிறான் என்றா? மார்க்கெட்டில்தான். சாரின் மச்சானுக்கு மார்க்கெட் குத்தகை கிடைத்தது, அதற்கு ரங்கா ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறான். "எங்கள் தொகுதியின் குரலே!" என்று சார் படம் போட்டு. சார் வாயை மூடியிருக்கிற படம்! அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எம்.எல்.ஏ. என்றால் நாலு பேரும் போஸ்டர் ஒட்டத்தான் செய்வார்கள். மச்சானுக்குக் குத்தகை எப்போது கிடைத்தது என்றா? மனு வாபஸ் ஆன... அடுத்த வாரம். அதற்கும் இதற்கும் என்ன?

நீங்க ரொம்பக் கேள்வி கேட்கறீங்க அக்கா. உங்களை எம்.எல்.ஏ. ஆக்கியிருக்கலாம்.

அட, முப்பத்தாறு ஓடுகிறதா அதற்குள்? எல்லாவற்றுக்கும் மடமடவென்று வாய்தா கொடுத்துவிட்டாரா? அப்படியென்றால் இப்போதே செய்துவிடுகிறேன், சொன்ன சொல் தவறக் கூடாது. இதுதான் கடைசி ஐட்டம். உங்களைச் சிரிக்க வைக்காமல் விட மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் யாரைச் செய்தாலும் கேட்டதில் ஒரு பொட்டு விடாமல் செய்வேன். பின்னால் நாய் குரைத்தால் அதையும். அன்றைக்கு லைன் சரியில்லை, மழை. மந்திரி பேசும்போது நடுநடுவே லைனில் ஏதோ ஒரு சத்தம் வெட்டி வெட்டி வந்தது. அதையும் சேர்த்தே செய்கிறேன், அப்போதுதான் அசல் மாதிரி இருக்கும். நீங்கள் அம்மா. இதுதான் போன். தொண்டையை இறக்கிக்கொள்கிறேன். ம்... ம்ம்...

"வணக்கம் தாயி. சட்ட அமைச்சர் பேசறேன்." ளக். "உங்க மனசு எனக்குப் புரியுது தாயி." ளக். "ஆனா கோர்ட்டு கோர்ட்டு இடத்துல, சபை சபை..."

இருங்க.

தொண்டை சரியாக இறங்கவில்லை. திரும்பவும். மூச்சு எங்கே நிறுத்தினார்... புரியுது தாயி என்று நிறுத்தினார். நிறுத்திவிட்டு, ளக். "அதது அதது இடத்துல இருக்கணும்." ளக்.

இல்லை அக்கா, தண்ணீர் வேண்டாம். ஒரு நிமிஷம்.

லைன் வெட்டினால் பேச்சுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்ட வேண்டும் இல்லையா? ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. வாக்கியம் தொடங்குவதற்கு முன்னால் மட்டும். ஒவ்வொரு தடவையும். லைன் சத்தம் என்றால் நான் அதைத் தொண்டையில்தான் செய்வேன், க்ர் என்று. இதை ஏன் நாக்கால் செய்கிறேன்? என் நாக்கு ஏன் மேலே போய் முன்பல்லை...

"பவுனம்மாள்..."

நான் இல்லை அக்கா. நான் கூப்பிடவில்லை. டவாலிதான்.

உங்களுக்கு எப்போது தெரிந்தது? அதது அதது இடத்தில் என்றபோதேவா? ஏன் சொல்லவில்லை?

"பவுனம்மாள்!"

அம்மா படியேறுகிறாள். வாய் இன்னும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. பின்னால் அப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டு.

அக்கா, அன்றைக்கு எங்கள் அப்பாவுக்குப் பல் வலிக்கவே இல்லை.